கோட்டைக்குள்ள ஒரு குளம் வேணும் பாஸ்!

இந்த வாரம் ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம். நேத்து காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கற வரைக்கும் 'டென்ஷன்'ங்கற வார்த்தையை எத்தனை தடவை சொன்னீங்க? பஸ் லேட்டா வந்தா டென்ஷன். ரெக்கார்டுல சைன் வாங்கலைன்னா டென்ஷன். இன்டர்னல் மார்க் போட்டா டென்ஷன், போடலைன்னா அதைவிட டென்ஷன். நடுவுல யாராவது வந்து 'கொஞ்சம் ரிலாக்ஸா இருப்பா'னு சொன்னா... அதுதான் உச்சகட்ட டென்ஷன்!

ரிலாக்ஸ் பண்ணணும்னு நமக்கும் ஆசைதான். ஆனா, நாம எல்லோருமே ஒரே டயலாக்தான் வெச்சிருக்கோம். 'இந்த செமஸ்டர் முடியட்டும்... அப்புறம் பாத்துக்கலாம்!' செமஸ்டர் முடிஞ்சா ப்ராஜெக்ட். ப்ராஜெக்ட் முடிஞ்சா இன்டர்வியூ. வேலை கிடைச்சா டார்கெட். அந்த 'அப்புறம்' மட்டும் வர்றதே இல்லை.

இந்த 'அப்புறம்' பார்ட்டிகளுக்கு எங்க ஊர்ல ஒரு பதில் இருக்கு. எந்த ஊர்னு கேக்கறீங்களா? திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவுல, பஸ் ஜன்னல்ல தலையை நீட்டாமலே மலையும் கோட்டையும் தெரியுமே... அந்தச் செஞ்சிதான்!

எட்டு வருஷ டென்ஷன்!

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரினு 3 மலைகள். அதைச் சுத்தி வளைச்சு சுமார் 13 கிலோமீட்டருக்கு மதில். 2025 ஜூலையில 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்'ங்கற பேர்ல 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்க. அதுல 11 மகாராஷ்டிராவுல. மிச்சமிருக்கற ஒண்ணு எங்க செஞ்சி. (காலரைத் தூக்கிவிட்டுக்கறேன், கண்டுக்காதீங்க!)

1677-ல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். பிறகு அவருடைய மகன் ராஜாராம் இங்கே வந்து தங்க, 1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்ஃபிகர் கான் படையோடு வந்து வளைத்துக்கொண்டார். கோட்டை விழுந்தது 1698-ல். யோசிச்சுப் பாருங்க... விட்டு விட்டுக் கிட்டத்தட்ட 8 வருஷ முற்றுகை. நம்ம நாலு வருஷ இன்ஜினீயரிங் மாதிரி ரெண்டு மடங்கு!

இத்தனை வருஷம் தாங்கினதுக்கு மதில் மட்டுமா காரணம்? ராஜகிரி அடிவாரத்துல நடந்து பாருங்க. பெரிய நெற்களஞ்சியம் இருக்கு. பக்கத்துலயே உடற்பயிற்சிக் கூடம். யானைக்குளம். அடுக்கடுக்கா உயர்ந்து நிற்கற கல்யாண மகால். அந்த மகாலுக்கு மண்குழாய் பதிச்சுத் தண்ணி கொண்டு வந்திருக்காங்க. சிவில் பசங்க கட்டாயம் பாக்கணும். மலைக்கு மேலேயும் சுனை உண்டு.

முழுக்க முழுக்கப் போருக்காகக் கட்டின இடம். அதுக்குள்ள குளிக்க, ஆற அமர உட்கார, உடம்பைப் பார்த்துக்க இடம் ஒதுக்கியிருக்காங்க. 'சண்டை முடியட்டும், அப்புறம் குளம் வெட்டிக்கலாம்'னு எந்த ராஜாவும் காத்திருக்கலை. எதிரி வாசல்ல நிற்கறப்போ குளம் வெட்ட முடியாதுனு அவங்களுக்குத் தெரியும்.

இந்த வாரம் நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். ஓய்வுங்கறது போர் முடிஞ்ச பிறகு கிடைக்கற பரிசு இல்லை. கோட்டை பிளான்லயே இருக்கவேண்டிய ஒரு குளம்.

உடம்புக்கு நவாப் யாரு, வைவா எதுனு தெரியாது!

1714-ல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்துச் சண்டை போட்டு உயிரை விட்டார் தேசிங்குராஜன். அப்போ அவருக்கு வயசு 22-னு சொல்வாங்க. நம்ம ஃபைனல் இயர் சீனியர் வயசு! குதிரை மேல ஏறி உட்கார்ந்தப்போ அவர் நெஞ்சு எப்படிப் படபடத்திருக்கும்? வைவா ரூமுக்கு வெளியில ரோல் நம்பரைக் கூப்பிடறப்போ நமக்கும் அதே படபடப்புதான்.

காரணம் சிம்பிள். ஆபத்து வந்தா 'சண்டை போடு, இல்லைன்னா ஓடிடு'னு உடம்பு தயாராகிடும். இதை விளக்கமா எழுதினவர் அமெரிக்க உடலியல் நிபுணர் வால்டர் கேனன். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாத் துடிக்கும், மூச்சு மேல் மேலா வாங்கும், தசையெல்லாம் முறுக்கிக்கும். எதிர்ல நிக்கறது நவாப் படையா, எக்ஸ்டர்னல் எக்ஸாமினரானு உடம்புக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது.

தேசிங்கு சண்டை போட்டார். அந்த முறுக்கு அங்கேயே செலவாச்சு. நாம? எக்ஸாமினரோட சண்டையும் போட முடியாது, ஓடவும் முடியாது. உட்கார்ந்த இடத்துலயே முறுக்கிட்டு இருக்கோம். தினமும் இப்படியே போனா கழுத்து வலி, தலைவலி, தூக்கம் போறது, வயித்தைப் புரட்டறது, யார் மேலயாவது எரிஞ்சு விழறதுனு வரிசையா வரும்.

அதுக்காக டென்ஷனே கூடாதுனு இல்லை. கொஞ்சம் படபடப்பு இருந்தாத்தான் படிப்போம். குறைவா இருந்தாலும் வேலை நடக்காது, ரொம்ப அதிகமானாலும் நடக்காது, நடுவுல ஒரு அளவு இருக்குனு எர்க்ஸ், டாட்சன்னு ரெண்டு பேர் 1908-லேயே எலிகளை வெச்சுச் சோதிச்சு எழுதிட்டாங்க. ஸோ, நம்ம வேலை டென்ஷனை ஒழிக்கறது இல்லை. அப்பப்போ இறக்கி வைக்கறது. எப்படி? இதோ, காசு செலவில்லாத 5 குளங்கள்!

1. பத்து செகண்ட் மூச்சு

மனசை நேரா அடக்க முடியாது. இதயத் துடிப்பையும் 'குறை'னு சொல்லிக் குறைக்க முடியாது. ஆனா, மூச்சு மட்டும் நம்ம கையில இருக்கற ஸ்டீயரிங். மூச்சை உள்ளே இழுக்கறப்போ இதயம் கொஞ்சம் வேகமாகவும், வெளியே விடறப்போ கொஞ்சம் மெதுவாகவும் துடிக்கும். அதனால விடற மூச்சை நீளமாக்குங்க. 4 செகண்ட் மூக்கால இழுங்க, 6 செகண்ட் மெதுவா விடுங்க. மொத்தம் 10 செகண்ட். நிமிஷத்துக்கு 6 மூச்சு. அஞ்சு நிமிஷம் போதும். வைவா க்யூவுல நின்னுகிட்டே செய்யலாம், பக்கத்துல இருக்கறவனுக்குக்கூடத் தெரியாது.

2. இறுக்கு... விடு!

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க டாக்டர் 1929-ல் எழுதின புத்தகத்துல ஒரு வழி சொன்னார். தசையை வேணும்னே இறுக்கி, அப்புறம் சட்டுனு தளர்த்தி, அந்த வித்தியாசத்தைக் கவனிக்கணும். கை முஷ்டியை 5 செகண்ட் இறுக்கிப் பிடிங்க. விடுங்க. 15 செகண்ட் சும்மா கவனிங்க. அடுத்து தோள்... காது வரைக்கும் தூக்கி இறக்குங்க. அப்புறம் முகம், வயிறு, தொடை, பாதம். மொத்தமும் பத்து நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். காலேஜ் பஸ்ல சீட் கிடைச்சவங்களுக்கு இது பெஸ்ட். சீட் கிடைக்காதவங்க முகத்தோட நிறுத்திக்குங்க, கம்பியை விட்டுடாதீங்க! அடிபட்ட இடம், வலி இருக்கற இடத்தை மட்டும் இறுக்க வேண்டாம்.

3. இருபது நிமிஷம் பச்சை

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நகரத்துல வாழறவங்களை, மரம் மட்டை இருக்கற இடத்துல போய் உட்காரவோ நடக்கவோ சொன்னாங்க. போன் கூடாது, அரட்டை கூடாது, புக் கூடாது. எச்சில்ல இருக்கற கார்ட்டிசால், அதாவது டென்ஷன் ஹார்மோன், எவ்வளவு குறையுதுனு அளந்தாங்க. 20-லிருந்து 30 நிமிஷத்துலதான் இறக்கம் நல்ல வேகத்துல இருந்தது.

செஞ்சிக்காரங்களுக்கு இது ஈஸி. கோட்டைக்குள்ள ஒரு மர நிழல் போதும். மலையேறணும்னா கிருஷ்ணகிரி சின்னது. ராஜகிரி சுமார் 800 அடி; தம் கட்டணும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி, பாறை ரெண்டா பிளந்த இடத்துல ஒரு பாலம் வரும். அங்க காத்து வாங்கற சுகமே தனி! வெயிலுக்கு முன்னாடி ஏறிடுங்க, தண்ணி எடுத்துக்குங்க, சிப்ஸ் பாக்கெட்டைக் கையில ஆட்டிகிட்டுப் போகாதீங்க. குரங்குகளுக்கும் டென்ஷன் இருக்கு. உச்சியில ஓரத்துல நின்னு செல்ஃபி எடுக்கறதுக்குப் பேர் ரிலாக்ஸ் இல்லை.

வெளியூர் வாசகர்களே, உங்களுக்கு மலை வேணும்னு கட்டாயம் இல்லை. ஏரிக்கரை, காலேஜ் வேப்பமரம், மொட்டை மாடி வானம்... எதுவும் ஓகே. கண்டிஷன் ஒண்ணுதான். போன் பாக்கெட்லயே இருக்கணும்.

4. பேப்பர்ல இறக்கு

படுத்ததும் 'நாளைக்கு அது இருக்கே, இது இருக்கே'னு மூளை லிஸ்ட் போடுதா? அந்த லிஸ்ட்டைப் பேப்பர்ல போடுங்க. 2018-ல் அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்துல 57 இளைஞர்களை வெச்சு ஒரு சோதனை. பாதிப்பேர் தூங்கறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் நாளைக்குச் செய்யவேண்டியதை எழுதினாங்க. மீதிப்பேர் ஏற்கெனவே முடிச்ச வேலைகளை எழுதினாங்க. நாளைய வேலையை எழுதினவங்க சராசரியா 9 நிமிஷம் சீக்கிரம் தூங்கினாங்க. 'படிக்கணும்'னு மொட்டையா எழுதாதீங்க. 'எம்-3, யூனிட் 2, நாலு கணக்கு'னு விவரமா எழுதுங்க.

எக்ஸாம் ஹாலுக்கு முன்னாடியும் இது உதவும். பரீட்சைக்கு முன்னாடி 10 நிமிஷம் தங்களோட பயத்தை எழுதின, ரொம்பப் பதற்றப்படற மாணவர்கள் நல்லா எழுதினாங்கனு 2011-ல் 'சயின்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. எழுதிட்டுக் கிழிச்சுப் போட்டுடுங்க. பிட்டுனு நினைச்சுடப் போறாங்க!

5. டீயும் தூக்கமும்

'நைட் அவுட்' அடிக்கறப்போ டீக்கடை அண்ணன்தான் நமக்குத் தெய்வம். ஆனா ஒரு கணக்கு. குடிச்ச காஃபின்ல பாதி உடம்பை விட்டுப் போகவே பொதுவா 5 மணி நேரம் ஆகும். ராத்திரி 9 மணிக்குக் குடிச்சா 2 மணிக்கும் பாதி உள்ளே உட்கார்ந்திருக்கும். மாலையோட கடைசி டீயை முடிச்சுக்குங்க. அதுக்கப்புறம் ஆவி பறக்க எதாவது வேணும்னா, நம்ம பாட்டிங்களோட சுக்குத் தண்ணி இருக்கவே இருக்கு.

ஒரு சீரியஸ் விஷயம்

எங்க கிளாஸ்ல ஒருத்தன். செம ஜாலியான பையன். 4 அரியர் விழுந்ததுக்கு அப்புறம் மெஸ்ஸுக்கு வர்றதை நிறுத்தினான். அப்புறம் கிரிக்கெட்டை. அப்புறம் பேச்சை. 'ரிலாக்ஸ் மச்சி'னு ஆளாளுக்கு சொன்னோம். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கற ஸ்டேஜை எல்லாம் அவன் தாண்டியிருந்தான். அவனோட ரூம்மேட்தான் பக்கத்துல உட்கார்ந்து 'என்னடா ஆச்சு?'னு கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் ஒரு மணி நேரம் எழுந்திரிக்காம இருந்தான். அப்புறம் வீட்டுக்குச் சொல்லி, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. இப்போ 4-ல் 3 க்ளியர். மெஸ் சாம்பாரைத் திட்டற அளவுக்குத் தேறிட்டான்.

மேல சொன்ன 5 குளங்களும் அன்றாட டென்ஷனுக்குத்தான். ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், சாப்பாடு, ஆசை எல்லாம் போய்டுச்சுன்னா, இல்லைன்னா 'நான் இல்லாமப் போனா நல்லது'ங்கற எண்ணம் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தாக்கூட, தனியா முற்றுகையைத் தாங்காதீங்க. யார்கிட்டயாவது சொல்லுங்க. மத்திய அரசு 2022-ல் தொடங்கின 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. இலவசம். 24 மணி நேரமும் உண்டு. தமிழ்லயே பேசலாம். ஜுரத்துக்கு டாக்டரைப் பாக்கற மாதிரிதான் இதுவும், வெட்கப்பட ஒண்ணுமில்லை.

நண்பர்கள்ல யாராவது திடீர்னு அமைதியாகிட்டா, 'ரிலாக்ஸ்'னு சொல்லிட்டு நகராதீங்க. பக்கத்துல உட்காருங்க. கோட்டையில காவல்காரன் தனியா நிக்கறதில்லை.

இந்த வார ஹோம்வொர்க்!

அஞ்சையும் ஒரே நாள்ல ஆரம்பிச்சு, அதுக்கு டைம்டேபிள் போட்டு, அதுலயும் டென்ஷன் ஆகாதீங்க. ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குங்க. அதைத் தினமும் நடக்கற ஒரு வேலையோட கட்டிப் போடுங்க. பஸ் ஏறினதும் மூச்சு. லைட் அணைக்கறதுக்கு முன்னாடி லிஸ்ட். ஏழு நாள் செஞ்சு பாருங்க.

செமஸ்டர் நடக்கட்டும். முற்றுகை தொடரட்டும். உங்க கோட்டைக்குள்ள இன்னிக்கே ஒரு குழி தோண்ட ஆரம்பிங்க... தண்ணி தானா ஊறும்.

அடுத்த வாரம் பாக்கலாம். அதுவரைக்கும்... நாலு இழு, ஆறு விடு!