89 பேரும் ஓர் ஆசனமும்: அமெரிக்க நகரங்களின் தலைக்கணக்குப் போட்டி

2020 குடிசன மதிப்பீட்டில் இன்னும் 89 பேர் கூடுதலாக எண்ணப்பட்டிருந்தால், நியூயோர்க் மாநிலம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஓர் ஆசனத்தை இழந்திருக்காது. இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் வாழும் மாநிலத்தில் வெறும் 89 பேர்! அந்த முடிவுகளை வாசித்த நாளிலிருந்து இந்த எண் என் மனதை விட்டு அகலவில்லை.

அங்கே நகரங்களுக்கிடையிலும் பெரும் போட்டி. பீனிக்ஸ் 1,608,139 பேருடன், 1,603,797 பேரைக் கொண்ட பிலடெல்பியாவை முந்தி ஐந்தாம் இடத்தைப் பிடித்தது. வித்தியாசம் 4,342 பேர்தான்.

ஆனால் இது சமமான போட்டியா? பிலடெல்பியாவின் எல்லை 1854இல் வகுக்கப்பட்டது; இன்றும் ஏறத்தாழ அதேதான். 1950இல் 17 சதுர மைல் பரப்புடன் இருந்த பீனிக்ஸோ, அயல் நிலங்களைத் தன்னுடன் இணைத்து 500 சதுர மைலைத் தாண்டிவிட்டது. புறநகர்களையும் சேர்த்தால் பிலடெல்பியா வட்டாரத்தில் 60 இலட்சத்துக்கும் அதிகமானோர். பீனிக்ஸ் வட்டாரத்தில் 2020இல் 50 இலட்சத்துக்கும் குறைவாகவே இருந்தனர். ஆக, எது பெரிய நகரம் என்பதை எல்லைக்கோடே தீர்மானிக்கிறது.

வளர்ச்சியும் நிரந்தரமல்ல. 1950இல் 18 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த டெட்ரோயிட்டில் 2020இல் எண்ணப்பட்டோர் 639,111 பேரே. வாகனத் தொழிற்சாலைகள் போயின. வசதியுள்ள வெள்ளையர்கள் புறநகர்களுக்குப் போனார்கள். எஞ்சியோரில் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். தம் மக்கள் குறைத்து எண்ணப்பட்டதாக நகர நிர்வாகம் முறையிட்டது. காரணம் கௌரவம் மட்டுமல்ல. சமஷ்டி அரசின் நிதியில் கணிசமான பகுதி தலைக்கணக்கைப் பார்த்தே பங்கிடப்படுகிறது. வளரும் பீனிக்ஸுக்கோ தண்ணீர்தான் சிக்கல். நிலத்தடி நீரை மட்டும் நம்பிய புதிய வீடமைப்புத் திட்டங்களுக்கு அந்த வட்டாரத்தில் அரிசோனா அரசு 2023இல் கட்டுப்பாடு விதித்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் எனக்கு அந்த 89 வேடிக்கையான எண்ணாகத் தெரியவில்லை. 2010இல் ஒன்பது பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய யாழ். தேர்தல் மாவட்டம், 2024இல் ஆறு பேரையே அனுப்பியது. அங்கே குடியிருப்போர் தொகை, இங்கே வாக்காளர் தொகை. அளவுகோல் வேறு, விளைவு ஒன்றுதான். நியூயோர்க்கை விட்டுப் போகிறவர்களில் பலர் மலிவான வீட்டைத் தேடிப் போகிறார்கள். நம்மவர்களில் பலர் உயிரைக் காக்கப் போனார்கள். ஏன் போனீர்கள் என்று எந்தக் கணக்கும் கேட்பதில்லை. இருப்பவர்களை மட்டுமே அது எண்ணுகிறது. இருக்கிற நாமாவது இடாப்பில் நம் பெயர் உள்ளதா என்று பார்த்துக்கொள்வோம்.