பிடிக்கு மதம் பிடிக்காது

2024 நவம்பரில் திருச்செந்தூர்க் கோயில் யானை தெய்வானை, தன் பாகனையும் அவருடைய உறவினர் ஒருவரையும் கொன்றாள். மறுநாள் கல்லூரிப் பேருந்தில் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: “மதம் பிடிச்சிருக்கும்.”

பெண் யானைக்கு மதம் பிடிப்பதில்லை. அது களிற்றின் உடலில் நிகழ்வது. தமிழ்நாட்டுக் கோயில்களில் பெரும்பாலும் பிடிகளே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சாதுவானவள் என்று தேர்ந்தெடுத்து, அம்மனின் பெயர் சூட்டி, காலில் சங்கிலி போடுகிறோம். ஒருநாள் அவள் சீறினால் ‘பித்து’ என்கிறோம். இந்தத் தர்க்கத்தை நாம் நம் வீடுகளிலேயே கேட்டிருக்கிறோம்.

கடலிலும் இதே கதைதான். ‘கொலைகாரத் திமிங்கலம்’ என்று பெயர் வாங்கிய ஓர்கா, கடலில் ஒரு மனிதரையும் கொன்றதாக உறுதியான பதிவு இல்லை. 1983இல் ஐஸ்லாந்துக் கடலில் பிடிக்கப்பட்ட டிலிக்கம், 2010இல் ஆர்லாண்டோவில் தன் பயிற்சியாளரைக் கொன்றது தொட்டிக்குள்தான். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் வாழும் ஓர்காக் குடும்பங்களில் மகளும் மகனும் கடைசிவரை தாயோடுதான் இருப்பார்கள். ஈனும் பருவம் கடந்த மூதாட்டிகளே, மீன் அருகிய ஆண்டுகளில் முன்னே நீந்தி வழிகாட்டுகிறார்கள். யானைக் கூட்டத்துக்கும் தலைவி மூத்த பிடிதான். அப்படியொரு தாயிடமிருந்து 1970இல் பிரிக்கப்பட்ட குட்டி டோக்கிடே, ‘லோலிட்டா’ என்ற மேடைப்பெயரோடு மயாமியில் 50 ஆண்டுகளுக்கும் மேல் தொட்டியில் கிடந்து, 2023 ஆகஸ்டில் செத்தாள். அவளிடமிருந்து பறிக்கப்பட்டது கடல் மட்டுமல்ல, பாட்டியாகும் வாழ்வும்தான்.

நமக்கும் இதில் பங்குண்டு. 1990களின் இறுதியில் பல்கேரியாவிலிருந்து சென்னைக்குக் கொண்டுவரப்பட்ட டால்பின்கள் சில மாதங்களிலேயே மடிந்தன. 2013இல் மத்திய வன உயிரியல் பூங்கா ஆணையம், டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி தரக் கூடாது என்று மாநிலங்களுக்குச் சொன்னது. நல்லது. ஆனால் 2010இல் யானையைத் தேசியப் பாரம்பரிய விலங்கு என்று அறிவித்த இதே நாடுதான், 2022இல் வன உயிரினச் சட்டத்தைத் திருத்தி, உரிமைச் சான்று இருந்தால் மத நோக்கத்துக்கோ வேறு நோக்கத்துக்கோ யானையை இடம் மாற்றலாம் என்று கதவைத் திறந்தது. டால்பினுக்கு அறிவு இருப்பதை ஒப்புக்கொண்டவர்களுக்கு, யானையைப் பார்க்கும்போது பக்தி கண்ணை மறைக்கிறது.

இதை வகுப்பில் பேசியபோது ஒரு மாணவி எழுந்தாள். “மேம், எங்கம்மா ஆம்பூர் ஷூ கம்பெனியில தைக்கிறாங்க. தோலுல சோறு தின்னுட்டு நாம யானைக்காக அழலாமா?”

நேர்மையான கேள்வி. தூய்மை பேசி நம் தட்டையும் தொழிலையும் இழிவுசெய்யும் ஜீவகாருண்யம் எனக்கு வேண்டாம். தோலைத் தொட்டவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திய கைதான் யானையைக் கோயிலுக்குள் கட்டியது. அதற்காகத் தோல் தொழில் குற்றமற்றது என்றும் சொல்லமாட்டேன். பாலாறு சாட்சி. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுநீர்த் தொட்டிச் சுவர் இடிந்து சகதியில் மாண்ட 10 பேர் சாட்சி. ஆனால் அந்தத் தோலில் அவள் அம்மாவின் கூலி இருக்கிறது. யானையின் சங்கிலியில் யாருடைய பசி தீர்கிறது? ஒரு தவறோடு வாழ்கிறோம் என்பதற்காக இன்னொன்றுக்கு வாய் மூடவேண்டியதில்லை. பாகனின் கூலியைப் பற்றியும் சேர்த்தே பேசுவோம், கொல்லப்பட்டவரும் கூலிக்காரர்தான்.

கோயிலுக்கு இனி ஒரு யானையும் வரக் கூடாது. இருப்பவர்கள் கல்தரையை விட்டு மண்ணில் நடக்கட்டும். தங்கள் இனத்தோடு வாழட்டும். பாகர்களுக்கு வேலையும் ஓய்வூதியமும் அரசின் பொறுப்பு.

அந்த மாணவி மறுநாள் வந்து சொன்னாள்: “அம்மாகிட்ட சொன்னேன் மேம். ‘அதுக்கும் அம்மா இருப்பா இல்ல’ன்னாங்க.”