முதற் கோணல் முற்றும் கோணலா?

ஒக்டோபர் மாதம் பிறந்ததும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலுள்ள பல்கலைக்கழக நகரங்களில் ஒரு வழக்கு விசாரணை தொடங்கிவிடுகிறது. குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுவது அந்தப் பல்கலைக்கழகத்தின் ஐஸ் ஹொக்கி அணி. சாட்சியங்களோ நான்கு அல்லது ஐந்து ஆட்டங்கள் மாத்திரமே. ஆயினும் தீர்ப்பு வழங்குவதற்கு ரசிகர்கள் தயங்குவதில்லை. ‘தற்காப்பு வரிசை பலவீனம்’, ‘கோல் காப்பாளர் தேறமாட்டார்’, ‘பயிற்றுநரின் காலம் முடிந்துவிட்டது’ என்று ஒரு சாரார் கூறுவர். ‘இன்னும் ஐந்து மாதங்கள் இருக்கின்றன, பொறுங்கள்’ என்று மறு சாரார் கூறுவர். முதற் கோணல் முற்றும் கோணல் என்று நம்மவர் சொல்லும் பழமொழிக்கும், பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழிக்கும் இடையிலான பழைய வாதந்தான் அங்கே வேறொரு மொழியில் நடைபெறுகிறது எனலாம்.

கனடாவில் வாழும் வாசகர்களுக்கு இந்த விளையாட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஏனையோருக்காகச் சில வார்த்தைகள். கோல் காப்பாளர் உட்பட ஓர் அணிக்கு ஆறு பேர் பனித்தரையில் சறுக்கியபடி ஓர் இறப்பர்த் தட்டைத் துரத்தும் ஆட்டம் இது. இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். பல்கலைக்கழக மட்டத்தில் முதற் பிரிவில் அறுபதுக்கு மேற்பட்ட ஆண்கள் அணிகள் உள்ளன. ஒக்டோபரில் தொடங்கும் பருவம் ஏப்ரலில் முடிவடையும். பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில் ஒரே எதிரணியுடன் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள் நடைபெறும். இறுதியில் பதினாறு அணிகள் தேசியச் சுற்றுப்போட்டிக்குத் தெரிவாகின்றன. ஆறு பிராந்தியக் கூட்டமைப்புகளின் வெற்றியாளர்களுக்கு நேரடி இடம் உண்டு. எஞ்சிய பத்து இடங்களும் கணக்கின்படி நிரப்பப்படுகின்றன.

அந்தக் கணக்கில்தான் விடயமே இருக்கிறது.

ரசிகர்களின் விவாதத்தில் இரண்டு வேறு வினாக்கள் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன என்பது எனது கருத்து. ஒக்டோபர் தோல்விக்கு என்ன விலை என்பது ஒரு வினா. ஒக்டோபர் தோல்வி எதைக் காட்டுகிறது என்பது இன்னொரு வினா. முதலாவதற்குரிய விடையை இரண்டாவதற்கும், இரண்டாவதற்குரிய விடையை முதலாவதற்கும் கூறுவதனாலேயே இரு சாராரும் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்ளாமல் சத்தமிடுகின்றனர்.

முதலில் விலையைப் பார்ப்போம். இங்கே பதறுகின்றவர்களின் பக்கமே நியாயம் இருக்கிறது. தெரிவுக் கணக்கு நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. ஒக்டோபர் வெற்றிக்கும் பெப்ரவரி வெற்றிக்கும் அது ஒரே தராசையே பிடிக்கிறது. நீண்டகாலம் வழக்கிலிருந்த முறையின் அடிப்படைச் சுட்டெண்ணில் ஓர் அணியின் சொந்த வெற்றி வீதத்துக்கு 25 சதவீதமே நிறை கொடுக்கப்பட்டது. எதிரணிகளின் வெற்றி வீதத்துக்கு 21 சதவீதமும், அந்த எதிரணிகளின் எதிரணிகளுக்கு 54 சதவீதமும் வழங்கப்பட்டன. 2025-26 பருவத்தில் வேறொரு கணிப்பு முறை புகுத்தப்பட்டது. ஆயினும் பருவம் முழுவதையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் இயல்பு மாறவில்லை.

இதில் இன்னுமொரு நுட்பமும் உண்டு. பருவத்தின் பிற்பகுதியில் அணிகள் பெரும்பாலும் தத்தம் கூட்டமைப்புக்குள்ளேயே மோதிக்கொள்கின்றன. கிழக்கத்திய அணிகள் மேற்கத்திய அணிகளைச் சந்திப்பது பெரும்பாலும் தொடக்க வாரங்களில்தான். எந்தக் கூட்டமைப்பு வலியது, எது மெலியது என்ற ஒப்பீடு அப்போதே பெருமளவுக்கு நிர்ணயமாகிவிடுகிறது. எனவே ஒக்டோபரில் ஓர் அணி தோற்கும்போது தான் மட்டும் தோற்பதில்லை. தன் அயலவர் எல்லோருடைய மதிப்பையும் சற்றே கீழிறக்கிவிட்டே தோற்கிறது.

2018ஆம் ஆண்டின் கதை இதற்குப் போதிய சான்று. மினசோட்டாப் பல்கலைக்கழகம் தனது ஆட்டங்களை முடித்துக்கொண்டு தெரிவுப் பட்டியலுக்காகக் காத்திருந்தது. கடைசி வார இறுதியில் பிற அணிகளின் முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிராக அமைந்தன. ஈற்றில் அதே மாநிலத்தின் டுலூத் அணி 0.0001 என்ற வித்தியாசத்தில் முந்திக்கொண்டு உள்ளே சென்றது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு! உள்ளே சென்ற டுலூத், நோட்டர் டேம் அணியை 2-1 என வென்று சம்பியனாகவும் ஆகியது. வெளியே நின்ற மினசோட்டாவிலோ, 19 பருவங்கள் பயிற்றுநராக இருந்தவரும் 2002, 2003ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்துக் கிண்ணம் பெற்றுக் கொடுத்தவருமான டொன் லூசியா சில நாட்களில் விலகினார். முப்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் ஏதேனும் ஒன்று, அது ஒக்டோபரின் முதல் வெள்ளிக்கிழமை ஆட்டமாகவே இருந்தாலும், வேறு விதமாக முடிந்திருந்தால் அந்த இடைவெளி நிரம்பியிருக்கும். ‘இன்னும் காலமிருக்கிறது’ என்று கூறுகின்றவர்கள் இதனை மறந்துவிடுகின்றனர்.

இனி இரண்டாவது வினா. ஒக்டோபர் ஆட்டங்கள் அணியின் தரத்தைக் காட்டுகின்றனவா? இங்கே பதறுகின்றவர்களின் வாதம் ஆட்டங்காண்கிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அது உண்மைதான். ஏனெனில் பானையிலுள்ள சோறு முழுவதும் ஒரே நீரில், ஒரே நெருப்பில் வேகிறது. ஹொக்கி ஆட்டம் அப்படியானதன்று. ஓர் ஆட்டத்தில் ஓர் அணி ஏறத்தாழ முப்பது தடவை கோலை நோக்கி அடிக்கிறது. பத்தில் ஒன்பதைக் காப்பாளர் தடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு ஆட்டங்களில் 240 அடிகள், 24 கோல்கள். நிகழ்தகவுக் கணக்கின்படி வெறும் தற்செயலே இந்த எண்ணிக்கையில் நான்கைந்து கோல்களைக் கூட்டவோ குறைக்கவோ போதுமானது. நூற்றுக்கு 91 அடிகளைத் தடுக்கும் நல்ல காப்பாளருக்கும் 89 அடிகளைத் தடுக்கும் சாதாரண காப்பாளருக்கும் இடையே அதே எட்டு ஆட்டங்களில் ஏற்படும் வேறுபாடும் ஐந்து கோல்களுக்கு உட்பட்டதே. அதாவது, ஒக்டோபர் முடிவில் நாம் காண்பது திறமையையா அதிர்ஷ்டத்தையா என்பதைக் கோல் எண்ணிக்கையைக் கொண்டு பிரித்தறிய இயலாது. தட்டு கம்பத்தில் பட்டு உள்ளே போனதா வெளியே போனதா என்பதில் ஒரு மாணவனின் பெயர் கெடுகிறது அல்லது நிலைக்கிறது.

எதிரணி யார் என்பதும் கவனிக்கப்பட வேண்டும். வலிய அணிகளுடன் வெளியூரில் தொடங்கும் அணியின் இரண்டு வெற்றி, நான்கு தோல்வியும், மெலிய அணிகளுடன் சொந்த அரங்கில் தொடங்கும் அணியின் நான்கு வெற்றி, இரண்டு தோல்வியும் தம்முள் எவ்வளவு தூரம் வேறானவை என்பதைப் புள்ளி அட்டவணை மாத்திரம் சொல்லாது.

இவ்விரு வினாக்களும் ஒருங்கே வெளிப்பட்ட இடம் மிச்சிகன் பல்கலைக்கழகம். 1991 முதல் 2012 வரை 22 ஆண்டுகள் தொடர்ச்சியாகத் தேசியச் சுற்றில் பங்குபற்றிய அணி அது. 2010இல் அந்தச் சங்கிலி அறுபடும் நிலை வந்தது. கூட்டமைப்பில் ஏழாவது இடத்திலிருந்த அணி, கூட்டமைப்புக் கிண்ணத்தை வென்றால் மட்டுமே உள்ளே செல்லலாம் என்ற நிலை. முதன்மைக் காப்பாளர் காயமடைந்திருந்தார். புலமைப்பரிசில் எதுவுமின்றித் தானாக வந்து அணியில் சேர்ந்தவரும் உயரத்திற் குறைந்தவருமான ஷோன் ஹன்விக் கோல் வாயிலில் நின்றார். மிச்சிகன் கிண்ணத்தை வென்றது. மறு ஆண்டு அதே ஹன்விக்குடன் தேசிய இறுதியாட்டம் வரை சென்று, மேலதிக நேரத்திலேயே டுலூத்திடம் தோற்றது. எந்த ரசிகரின் ஒக்டோபர்க் கணிப்பிலும் அவருடைய பெயர் இருந்திருக்க முடியாது.

2012-13 பருவத்தில் அதே நாடகம் மீண்டும் அரங்கேறியது. ஹன்விக் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். முன்னணித் தற்காப்பு வீரரொருவர் பருவம் தொடங்கும் முன்னரே காயமுற்றார். கோல் வாயிலில் முதலாம் ஆண்டு மாணவர்கள். தோல்விகள் குவிந்தன. பெப்ரவரி இறுதியில் அந்த அணியைக் கைகழுவாதவர் குறைவு. அதன் பின்னர் அணி உயிர்பெற்றெழுந்தது. தொடர் வெற்றிகளுடன் கூட்டமைப்பு இறுதியாட்டத்தை அடைந்தது. அங்கே நோட்டர் டேமிடம் 1-3 எனத் தோற்றது. பருவத்தின் முடிவில் 18 வெற்றி, 19 தோல்வி, 3 சமநிலை. 22 ஆண்டுச் சங்கிலி அறுந்தது.

அந்த ஒரு தோல்வியால் திறந்த கதவினூடாகக் கடைசியாக உள்ளே நுழைந்தது யேல் பல்கலைக்கழகம். அதுவும் அந்தப் பருவத்தில் குயினிபியாக் அணியிடம் மூன்று தடவை தோற்றிருந்த யேல். அது மினசோட்டாவை மேலதிக நேரத்தின் ஒன்பதாவது செக்கனில் வென்றது. இறுதியாட்டத்தில் அதே குயினிபியாக்கை 4-0 எனத் தோற்கடித்துத் தனது முதலாவது தேசியக் கிண்ணத்தைப் பெற்றது. தரத்தைப் பற்றிய ரசிகர்களின் தீர்ப்பு மிச்சிகனிலும் பிழைத்தது, யேலிலும் பிழைத்தது. ஆனால் தொடக்கத் தோல்விகளின் விலையை மட்டும் மிச்சிகன் கடைசிச் சதம் வரை செலுத்தியது. கோணல் நிமிர்ந்தது. கணக்கு நிமிரவில்லை.

ஆகவே எனது நிலைப்பாடு இதுதான். ஒக்டோபர் தோல்விக்காக ரசிகர் கவலைப்படுவதில் தவறில்லை. கவலைப்படாதே என்பவர் கணக்கை அறியாதவர். ஆனால் அந்தக் கவலையை ஒரு பத்தொன்பது வயது மாணவனின் தலையில் இறக்கிவைப்பதற்குப் போதிய சாட்சியம் ஒக்டோபரில் எவரிடமும் இல்லை. பயணத் திட்டத்தை வகுத்தவர் யார், காயமுற்றவருக்கு மாற்றாக எவரையும் தயார்ப்படுத்தாதவர் யார், ஒரே வரிசையை மூன்று வாரங்களாக மாற்றாதிருப்பவர் யார் என்று கேட்பது நியாயம். அவை பெரியவர்கள் சம்பளம் பெற்றுக்கொண்டு எடுத்த முடிவுகள்.

இதனை இப்போது கூறுவதற்குக் காரணம் உண்டு. இந்த விளையாட்டின் பொறுமை வேகமாகக் குறைந்து வருகிறது. ஓர் அணியிலிருந்து இன்னோர் அணிக்கு மாறும் மாணவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதி 2021இல் தளர்த்தப்பட்டது. கனடாவின் முதன்மை இளையோர் லீக்குகளில் ஆடியவர்களுக்கு நெடுங்காலம் மூடியிருந்த கதவு 2025-26 பருவத்திலிருந்து திறக்கப்பட்டது. பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கவும் 2025இல் வழி பிறந்தது. பணம் பெறுகின்றவனைத் திட்டுவதற்கு உரிமை உண்டு என்ற எண்ணம் இதனால் வலுப்பெறும். நூறாயிரக்கணக்கில் பெறும் ஒரு சிலரையும், எதுவுமே பெறாமல் நான்காவது வரிசையில் ஆடும் மாணவனையும் அரங்கிலிருந்து எழும் கூச்சல் பிரித்துப் பார்ப்பதில்லை.

மிச்சிகனின் பழைய பயிற்றுநர் ரெட் பெரென்சன் 1984இல் பொறுப்பேற்றார். முதல் மூன்று பருவங்களிலும் வெற்றிகளைவிடத் தோல்விகளே அதிகம். தேசியச் சுற்றை அவருடைய அணி எட்டியது 1991இல். கிண்ணங்கள் 1996இலும் 1998இலும் வந்தன. 2017 வரை அவர் பணியாற்றினார். முதல் ஒக்டோபரின் சாட்சியத்தைக் கொண்டு, அல்லது முதல் மூன்று ஒக்டோபர்களின் சாட்சியத்தைக் கொண்டு, அவரை அனுப்பியிருந்தால் அந்த 22 ஆண்டுச் சங்கிலி தொடங்கியே இராது. அறுந்ததற்காக வருந்தியவர்கள், அது உருவாவதற்கு எத்தனை பேர் எத்தனை காலம் பொறுத்திருந்தனர் என்பதையும் நினைத்திருக்க வேண்டும்.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்த்துக் கூறுவேன். இரண்டு தோல்விகளை ‘சரிவு’ என்றும் மூன்றை ‘நெருக்கடி’ என்றும் தலைப்பிடும் பழக்கத்தை ரசிகர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். நாளேட்டுக்கு நாள்தோறும் தீர்ப்பு வேண்டும். ரசிகருக்கு அந்த அவசரம் இல்லை. தோல்வியின் விலையை அவர் அன்றே குறித்து வைத்துக்கொள்ளட்டும், கணக்கு கேட்க வேண்டியவர்களிடம் கேட்கட்டும். கோல் வாயிலில் நிற்கும் முதலாம் ஆண்டு மாணவனைப் பற்றிய தீர்ப்பை மட்டும் ஜனவரி வரையாவது ஒத்திவைப்பாரானால், அதனால் அவருடைய அணிக்கு ஒரு கோலும் குறையப்போவதில்லை.