இரண்டு விரல் வித்தை

இக்காலக் கதாநாயகர்கள் ஒவ்வொருவருக்கும் தனியாக ஓர் அடி உண்டு. 'டிராகன் பால்' என்னும் ஜப்பானியச் சித்திரக்கதையில் கோகு இரு கைகளையும் இடுப்பருகே குவித்து "கமேஹமேஹா" என்று கூவினால் ஒளி பாய்ந்து எதிரி தொலைந்து போவான். கணினி விளையாட்டிலோ நாலைந்து பொத்தான்களை வரிசையாக அழுத்தினாலே போதும்! நம் தமிழ்ப்படமும் சளைத்ததன்று. 1996இல் வந்த 'இந்தியன்' படத்தில் முதியவர் சேனாபதி இரண்டு விரல்களை மடக்கிக் குத்தினால் ஆள் அசைவற்றுப் போவான்.

நமக்கும் அந்த விரல்கள் மீது ஆசைதான், மறைப்பானேன்? நெரிசல் மிகுந்த பேருந்தில் வேண்டுமென்றே ஒரு முழங்கை நம்மீது இடிக்கும்போது அப்படி எண்ணாத மாணவி யார்?

சேனாபதி காட்டியது வர்மக்கலை. நெல்லைச் சீமையிலும் குமரியிலும் ஆசான்கள் வழிவழியாகக் காத்து வந்தது. வர்மங்கள் 108 என்றும், அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்றும் கணக்குச் சொல்வார்கள். அடிபட்டு விழுந்தவரை எழுப்ப 'அடங்கல்' என்று வேறு இடங்களும் உண்டு. ஆசானே வைத்தியர், அடிக்கத் தெரிந்தவர் எழுப்பவும் தெரிந்திருக்க வேண்டும். சீடனின் குணத்தைப் பல ஆண்டுகள் கவனித்த பிறகே சொல்லிக் கொடுப்பார்களாம். திரையரங்கை விட்டு வெளியே வரும்போது நம் மனத்தில் நிற்பதோ அடி மட்டுமே.

கமேஹமேஹாவை உருவாக்கக் குரு ரோஷிக்கு 50 ஆண்டுகள் ஆயின என்று அந்தக் கதையே சொல்கிறது. கோகு ஒரே முறை பார்த்துவிட்டுச் செய்துவிடுகிறான். நாம் கைதட்டுவது கோகுவுக்கு!

தற்காப்புப் பயிற்சி என்று ஒரு நாள் முகாம் நடத்துவதும் இந்தக் கோகு வழிதான். கையை முறுக்கக் கற்றுச் சான்றிதழ் வாங்குகிறோம். மறுவாரம் எந்தக் கை என்பதே மறந்து போகிறது. அதைவிட வாரம் இருமுறை சிலம்பம் வேண்டும். காலடி பழகவே மாதக் கணக்கில் ஆகும், ஆகட்டுமே. "பெண் பிள்ளைக்குக் கம்பு எதற்கு?" என்று கேட்கும் பெற்றோரே, பேருந்தில் எங்களோடு ஒரு நாள் வந்து பாருங்கள்.

வர்மத்தையே கற்க விரும்புவோர் தூரம் போக வேண்டியதில்லை. 1964இல் தொடங்கிய நம் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் ஐந்தரை ஆண்டுப் படிப்பில் அது நோய் தீர்க்கும் மருத்துவமாகக் கற்பிக்கப்படுகிறது. ஆசான் தேர்ந்தெடுத்த சீடனுக்கு மட்டும் சொன்னதை இன்று பெண்களும் வகுப்பில் அமர்ந்து படிக்கிறார்கள். எங்களில் மூவருக்கு அங்கே சேர எண்ணம். அதற்கு முன் நீட் தேர்வு இருக்கிறது. அதை வீழ்த்த இரண்டு விரல் போதாது.