வேறு எதற்கும் விண்ணப்பிக்காதே என்றோமே

2023 ஜூனில் நீட் முடிவு வந்த அன்று இரண்டு கிலோ மைசூர்பாகு வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தவன் நான். மகளுக்கு 720-க்கு 521. தகுதி பெற்றார் என்று போட்டிருந்தது. பாஸாகிவிட்டாள், இனி டாக்டர்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. "அப்பா, இது பாஸ் மார்க்தான். சீட்டுக்குப் பத்தாது" என்றாள். நல்ல நாளும் அதுவுமாக வாயை வைக்காதே என்று அதட்டினேன்.

கணக்கு அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. நாம் ஒரு மனை வாங்கினால் முப்பது வருஷத்து வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். நாலு பவுன் சங்கிலிக்குச் சேதாரம் எவ்வளவு என்று ஐந்து கடை ஏறி இறங்குகிறோம். பிள்ளையை ஒரே ஒரு தேர்வுக்கு நேர்ந்துவிடும்போது மட்டும், எத்தனை பேர் எழுதுகிறார்கள், எத்தனை இடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை.

இப்போதாவது கேட்டுக்கொள்ளுங்கள். 2024-ல் நாடு முழுவதும் 23 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நீட் எழுதினார்கள். தகுதி பெற்றவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். அரசு, தனியார், நிகர்நிலை எல்லாவற்றையும் கூட்டினாலும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். நீட் பாஸ் என்று நாம் கொண்டாடுகிற பிள்ளைகளிலேயே பன்னிரண்டு பேரில் ஒருவருக்குத்தான் நாற்காலி. அதிலும் ஏறக்குறையப் பாதி, நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள் நினைத்துப் பார்க்க முடியாத கட்டணம் கேட்கிற இடங்கள். தமிழ்நாட்டின் 36 அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருப்பவை ஐந்தாயிரத்தை ஒட்டிய இடங்கள். அவற்றில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மீதிக்குத்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் வரிசையில் நிற்கிறார்கள். முட்டி மோதிப் படித்த பிள்ளைகளிலும் பெரும்பாலோர் வெளியே நிற்கும்படிதான் இந்த வரிசையே போடப்பட்டிருக்கிறது. இது தெரியாமல், "நீ மட்டும் நல்லாப் படி, சீட் தானா வரும்" என்று பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லி வளர்த்தோமே, அந்த வாக்குறுதியை யாரைக் கேட்டுக் கொடுத்தோம்?

மகளின் முதல் நீட் முடிவு வந்த அந்த 2023 ஜூனில் இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் அப்பா வீட்டில் மாடு உண்டு. மகள் ஒன்பதாவது படிக்கையில் ஒரு பசு ஈனும்போது கன்று கால் மடங்கி உள்ளேயே சிக்கிக்கொண்டது. ராத்திரி இரண்டு மணிக்குக் கால்நடை மருத்துவர் வந்து முழங்கை வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பி எடுத்தார். அவ்வளவு நேரமும் டார்ச் அடித்தவள் அவள்தான். கன்று மூச்சுவிடாமல் கிடந்தபோது அதன் மூக்கில் இருந்த கோழையை வழித்தெடுத்து, வைக்கோலால் தேய்க்கச் சொன்னார் மருத்துவர். தேய்த்தாள். அது காதை ஆட்டியது. மறுநாள் பள்ளிக்கூடம் போகும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

நீட் முடிவு வந்த வாரத்தில் அவள் செல்போனில் கால்நடை மருத்துவப் படிப்புக்கான விண்ணப்பம் திறந்திருந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே அதற்குச் சேர்க்கை. "அப்பா, வெட்னரிக்கும் போட்டு வைக்கட்டுமா? அக்ரிக்கும் போடலாம். கடைசித் தேதி நெருங்குது" என்று கேட்டாள்.

"அதை மூடிவைம்மா. எம்.பி.பி.எஸ். கவுன்சலிங் வருது. மனசைச் சிதறவிடாதே."

மூடிவிட்டாள். அப்பா பேச்சைக் கேட்கிற பிள்ளை.

வெட்னரி கிடைத்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. அதற்கும் கட்-ஆஃப் அதிகம். ஆனால் கேட்டுப் பார்க்கிற உரிமையைக்கூட அவளிடமிருந்து பிடுங்கியது நீட் இல்லை, நான்தான். ஜூலைக் கடைசியில் கவுன்சலிங் தொடங்கியது. முதல் சுற்றில் இல்லை. இரண்டாவதில் வரும் என்றேன். அதிலும் இல்லை. கடைசிச் சுற்றில் கட்டாயம் இறங்கும் என்று யாரோ சொன்னதை நம்பி அவளையும் நம்பவைத்தேன். செப்டம்பர் வந்துவிட்டது. அவளோடு படித்தவர்கள் இன்ஜினீயரிங், நர்சிங், பி.எஸ்சி. என்று கல்லூரிக்குப் போய், புது நண்பர்களோடு படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துக்கொண்டிருந்தார்கள். இவள் காலையில் எழுந்து ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பார்ப்பாள், பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். ஒரே ஒரு முறை கிடைக்கவில்லை என்று கேட்டு அழுது தீர்க்க வேண்டியதை, நான்கு மாதம் தவணை தவணையாக அவளை அனுபவிக்க வைத்தேன்.

அடுத்து என்ன? வழக்கம்போல ரிப்பீட்டர் கோச்சிங். விடுதியோடு சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல். எழுதுகிறாயா என்று நான் கேட்கவில்லை. எழுதப்போகிறாய் என்று சொன்னேன்.

2024 ஜூன் 4. மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கையில் நாடே மூழ்கியிருந்த நாள். ஜூன் 14-ல் வர வேண்டிய நீட் முடிவு அன்று சாயங்காலமே வந்துவிட்டது. 588. போன வருஷத்தைவிட 67 கூடுதல். ஆனால் அகில இந்தியத் தரவரிசையில் ஏறக்குறையப் போன வருஷம் நின்ற இடத்திலேயேதான் நின்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "இத்தனை பணத்தைக் கொட்டினேனே, ஒரு சீட்டு வாங்க முடியலையா உன்னால?" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன், இந்த வாயால்.

"சாரிப்பா" என்றாள். எழுந்து போய்த் தன் தட்டைக் கழுவினாள். திரும்பி வந்து என் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

அதற்கடுத்த நாட்களில் என்ன நடந்தது என்று உங்களுக்கே நினைவிருக்கும். அந்த ஆண்டு 67 பேர் 720-க்கு 720 வாங்கியதாக அறிவித்தார்கள். 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் போட்டது வழக்காகி, அதை ரத்து செய்து மறுதேர்வு வைத்தார்கள். பாட்னாவிலும் ஹசாரிபாகிலும் வினாத்தாள் கசிந்ததை உச்ச நீதிமன்றமே பதிவு செய்தது, தேர்வை மட்டும் ரத்து செய்யவில்லை. கடைசியில் திருத்திய பட்டியலில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் 17 பேர் என்றார்கள். ஒரு நாடே அந்தத் தேர்வு ஒழுங்காக நடந்ததா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, நான் என் மகளைப் பார்த்து நீ ஒழுங்காகப் படித்தாயா என்று கேட்டிருக்கிறேன். அதற்கு அடுத்த 2025-ல் இயற்பியல் வினாக்கள் பிழிந்தெடுத்தன. இந்தியாவிலேயே முதலிடத்துக்கு 686-தான். முந்தின வருஷம் 67 பேர் தொட்ட எண்ணை அந்த வருஷம் ஒருவர்கூடத் தொடவில்லை. வருஷத்துக்கு வருஷம் இப்படி ஏறி இறங்குகிற ஓர் எண்ணை வைத்தா நாம் பெற்ற பிள்ளையின் யோக்கியதையை எடை போடுகிறோம்? வெட்கமாக இல்லையா நமக்கு?

நீட் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை இங்கே நியாயமான சண்டை. 2006-ல் சட்டம் போட்டு நுழைவுத் தேர்வை ஒழித்த மாநிலம் இது. பத்து வருஷம் பிளஸ் டூ மதிப்பெண்ணில் மருத்துவர்களை உருவாக்கியது. 2017-ல் நீட் வந்தது. பிளஸ் டூவில் 1,176 வாங்கிய குழுமூர் அனிதாவை அந்த ஆண்டு செப்டம்பரில் பறிகொடுத்தோம். அதற்குப் பிறகும் எத்தனை பிள்ளைகள். ஒவ்வொரு செய்திக்கும் நாம் கலங்குகிறோம். கலங்கிவிட்டு, டிவியை அணைத்துவிட்டு, பக்கத்து அறையில் இருக்கிற நம் பிள்ளையிடம் "மாக் டெஸ்ட்ல எவ்வளவு?" என்று கேட்கிறோம். அரசாங்கத்தைக் கேள்வி கேளுங்கள், நானும் வருகிறேன். ஆனால் வீட்டுக்குள் நாம் நடத்துகிற தேர்வுக்கு எந்த அரசாங்கமும் பொறுப்பில்லை.

சீட் கிடைக்கவில்லை என்றதும் வீட்டைத் துக்க வீடாக்குகிறோம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சமைக்கிறாள், அப்பா யாரோடும் பேசுவதில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போவதில்லை, யாராவது கேட்டுவிடுவார்களாம். போனால், "மார்க்கைச் சொல்லிடாதே" என்று வாசலிலேயே பாடம். சித்தப்பா பையன் தஞ்சாவூர் மெடிக்கலில் சேர்ந்ததை அவள் காதுபடப் பேசுகிறோம். அவள் தன் ஏமாற்றத்தைச் சுமப்பாளா, நம் கௌரவத்தையும் சேர்த்துச் சுமப்பாளா? பதினெட்டு வயது.

சிலர் வேறு மாதிரி. நிலத்தை விற்றாவது மேனேஜ்மென்ட்டில் சேர்ப்பேன் என்று பிள்ளை முன்னாலேயே வீரம் பேசுவார்கள். வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் கட்டப்போகிற அந்தக் கடனை அந்தப் பிள்ளை ஒவ்வொரு பரீட்சை ஹாலுக்குள்ளும் தூக்கிக்கொண்டு போகும். வெளிநாடு என்றால் ஏஜென்ட் சொல்வதை மட்டும் கேட்டு அனுப்புகிறார்கள். படித்துவிட்டு வந்தால் இங்கே 300-க்கு 150 எடுத்து எஃப்.எம்.ஜி.இ. என்கிற தகுதித் தேர்வில் தேற வேண்டும், அதில் தேறாதவர்களே அதிகம் என்பதை எந்த ஏஜென்ட் சொன்னான்? 2022 பிப்ரவரியில் உக்ரைன் பதுங்கு அறைகளில் இருந்து அம்மாவுக்குப் போன் செய்த பிள்ளைகளை அதற்குள் மறந்துவிட்டோமா?

இன்னொரு வார்த்தையை நாம் விட வேண்டும். "டாக்டர் கிடைக்கலை, அதனால நர்சிங்ல போட்டிருக்கோம்." அந்த "அதனால" இருக்கிறதே, அதை ஆயுசுக்கும் அந்தப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவிடுகிறோம். போன வருஷம் என் அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள் இருந்தார்கள். பெரிய டாக்டர் காலையும் மாலையும் வந்து பார்த்தார், நன்றாகவே பார்த்தார். ராத்திரி மூன்று மணிக்கு ஆக்ஸிஜன் இறங்கியபோது ஓடிவந்து மாஸ்க்கைச் சரிசெய்து, அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகைத் தட்டிச் சளியை உறிஞ்சி எடுத்தது ஒரு நர்ஸ் பெண். என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள். அவள் யாருக்கு "அதனால"?

சரி, என்ன செய்வது என்கிறீர்களா? முதலில் பேசாமல் இருங்கள். எல்லாம் நன்மைக்கே என்று வேதாந்தம் சொல்லாதீர்கள். அவளுக்கு அது நன்மையாகத் தெரியவில்லை, அவள் ஆசைப்பட்டது போய்விட்டது. அழட்டும், தூங்கட்டும், பிடித்ததைச் சமைத்துக் கொடுங்கள். நாளாகியும் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால், இனி எதற்கு என்கிற மாதிரி ஒரு சொல் வந்தால், அதைச் சும்மா பேச்சு என்று தள்ளாதீர்கள். தனியே விடாதீர்கள். 104-க்குக் கூப்பிடுங்கள், 14416-க்குக் கூப்பிடுங்கள். இரண்டும் அரசாங்கத்தின் இலவச எண்கள், எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று யோசிக்கிற நேரமில்லை அது.

பிறகு ஒருநாள் அவளே பேச்செடுப்பாள். மறுபடி எழுதுகிறேன் என்றால் எழுதட்டும். ஆனால் அதை அவள் சொல்ல வேண்டும். நீட்டுக்கு இத்தனை முறைதான் என்ற வரம்பு கிடையாது, உச்ச வயது வரம்பையும் 2022-ல் எடுத்துவிட்டார்கள். போதும் என்று சொல்ல வெளியே யாரும் இல்லை. அதனால் எத்தனை முறை, எதுவரை என்பதை வீட்டில் உட்கார்ந்து முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அந்த வருஷத்திலும் மற்றப் படிப்புகளுக்கு விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாம் எடுத்து ஒரு ஃபைலில் வைத்துக்கொடுங்கள். அப்பா அம்மா செய்ய வேண்டிய வேலை அதுதான்.

2024-ல் என் மகள் என்னைக் கேட்கவில்லை. கோச்சிங் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவளாகவே வெட்னரிக்கும் வேளாண்மைக்கும் நர்சிங்குக்கும் போட்டிருக்கிறாள். வெட்னரி அரை மதிப்பெண்ணில் போய்விட்டது. பி.எஸ்சி. வேளாண்மை கிடைத்து இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். சந்தோஷமாக இருக்கிறாளா என்றால், இருக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன். மண் பரிசோதனை பற்றிப் போனில் அரைமணி நேரம் பேசுகிறாள். சில நாள், சாலையில் வெள்ளைக் கோட்டோடு பிள்ளைகள் போனால் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அந்த விண்ணப்பத்தை மூடச் சொன்னதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கப்பா" என்றாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்போது நீட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கும். மே, ஜூனில் அதன் போனில் வேறு ஏதோ ஒரு படிப்பின் விண்ணப்பம் திறந்திருக்கும், உங்கள் முகத்தைப் பார்த்துத் தயங்கும். மூடச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கடைசித் தேதி என்றைக்கு என்று கேளுங்கள்.