லண்டனில் போச்சு... நெல்லையில் நிற்குது!

நெல்லை சந்திப்பில் இருந்து வண்ணார்பேட்டைக்குப் பஸ்சில் போகிறோம். நடுவில் தாமிரபரணி. கண்டக்டர் சில்லறை தேடுவார். நாம் ஜன்னல் வழியே தண்ணி எவ்வளவு ஓடுது என்று பார்ப்போம். நம்மைத் தாங்கும் ஆத்துப்பாலத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டிய பாலம் அது!

1840 வாக்கில் இந்த இடத்தில் ஆற்றைக் கடக்கப் படகுதான். வெள்ளம் வந்தால் அதுவும் கிடையாது. அப்போது கலெக்டராக இருந்த தாம்சன் பாலம் கட்ட நினைத்தார். மதிப்பு சுமார் 50 ஆயிரம் ரூபாய். கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தார் சுலோச்சனா முதலியார், "நானே தருகிறேன்" என்று முன்வந்தார். மனைவியின் நகைகளும் அதில் போயின என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். 1843 நவம்பரில் பாலம் திறந்தாச்சு.

அதற்கு மாதிரி, 1817-ல் லண்டனில் தேம்ஸ் ஆற்றின் மேல் திறந்த வாட்டர்லூ பாலம். அங்கே 9 வளைவுகள், இங்கே 11. ஒவ்வொன்றும் சுமார் 60 அடி. வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே இரட்டைத் தூண்கள், ஏதோ அரண்மனை வாசல் போல! தூண்கள் அழகுக்கு. பாரத்தைச் சுமப்பது வளைவு. ஒரு கல் அடுத்த கல்லை நெருக்க, பாரம் இருபுறமும் இறங்கி அடியில் போய்ச் சேருது. இரும்புக் கம்பி இல்லாத காலத்து வேலை.

1869 வெள்ளத்தில் சில வளைவுகள் போயின. திரும்பக் கட்டினார்கள். பிறகு அகலப்படுத்தினார்கள். 2023 டிசம்பரில் ஆறு ஊருக்குள் புகுந்ததே, அன்றைக்கும் பாலம் நின்றது.

லண்டனில் என்ன ஆச்சு? ஆற்று நீர் அடியை அரித்தது, தூண்கள் இறங்கின. 1930-களில் இடித்தே விட்டார்கள். இப்போது அங்கே இருப்பது கான்கிரீட் பாலம். அசல் போச்சு. நகல் நம்மிடம் இருக்கு!

பக்கத்தில் புதுப் பாலம் வந்தாச்சு, பழசு எப்படிப் போனால் என்ன என்று இருந்துவிடக் கூடாது. கல் இடுக்கில் ஒரு அரசங்கன்று முளைத்தால் சின்னதுதானே என்று விடுவார்கள். நாலு வருஷத்தில் அதன் வேர் கல்லை நெட்டித் தள்ளிவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் வருஷா வருஷம் வேரோடு எடுக்க வேண்டும். காரை உதிர்ந்த இடத்தில் சிமெண்டை அப்பக் கூடாது. சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். பழைய கட்டுக்குச் சுண்ணாம்புதான் சரி. தூண்களில் போஸ்டர் ஒட்டுவதும் நிற்க வேண்டும். மக்கள் கீழே இறங்கிப் பார்க்க ஒரு நல்ல படிக்கட்டு வேண்டும்.

இதற்குக் கோடிகள் தேவையில்லை. கவனம் இருந்தால் போதும்.

தன் காசில் பாலம் கட்டிக் கொடுத்தார் ஒரு அரசு ஊழியர். நாம் கட்ட வேண்டாம். விழாமல் பார்த்துக்கொள்ளவாவது கூடாதா?