மணிக்கு எவ்வளவு? டெண்டருக்கு முன்னால் அமெரிக்க அரசு போடும் கேள்வித்தாள்

வீடு கட்டிய எந்தக் குடும்பத்துக்கும் இந்த விவாதம் தெரிந்திருக்கும். கொத்தனாருக்கு நாள் சம்பளமா, சதுர அடிக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்டா? கான்ட்ராக்ட் விட்டால் வேலை சீக்கிரம் முடியும். எங்கே கை வைத்தார்கள் என்பது முதல் மழைக்குத்தான் தெரியும். நாள் சம்பளம் என்றால் நிதானமாக நடக்கும். சில நேரம் ரொம்பவே நிதானமாக. அதனால்தான் நாள் சம்பளத்துக்கு ஆள் விட்ட வீட்டில் தாத்தா ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

இதே தலைவலி அமெரிக்க அரசுக்கும் உண்டு. அங்கே கட்டுவது மென்பொருள். வரி அலுவலகத்துக்கு ஒரு புது சாஃப்ட்வேர், ஓட்டுநர் உரிமத்துக்கு ஒரு இணையதளம், இருபது வருடப் பழைய கணினி அமைப்பைப் பார்த்துக்கொள்ள நாலு பேர் என்று தேவை வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் அரசு ஊழியர்கள் கிடையாது. எனவே புரோகிராமர், டெஸ்டர், புராஜெக்ட் மேனேஜர் என்று தனியார் நிறுவனங்களிடமிருந்து ஆட்களை மணிக் கணக்கில் எடுக்கிறார்கள். நம்ம ஊரிலிருந்து போன பலரும் அங்கே இந்த வேலையில்தான் இருக்கிறார்கள். 'பையன் அமெரிக்காவுல கவர்ன்மென்ட் புராஜெக்ட்ல இருக்கான்' என்று சொந்தக்காரர் வீட்டில் கேட்டிருப்பீர்களே, அதுதான்.

அந்த ஒப்பந்தம் போடுவதற்கு முன், டெண்டர் வருவதற்கும் முன், ஒரு சத்தமில்லாத கட்டம் இருக்கிறது. இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

வாங்குவதாகச் சொல்லவில்லை, விசாரிக்கிறோம்

அந்தக் கட்டத்தின் பெயர் ஆர்.எஃப்.ஐ. தமிழில் 'தகவல் கோரும் அறிவிப்பு' என்று வைத்துக்கொள்ளலாம். 'எங்களுக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது. யாரால் செய்ய முடியும்? சந்தையில் என்ன விலை? எப்படிச் செய்வீர்கள்?' என்று அரசு பொதுவில் கேட்கும். நிறுவனங்கள் பதில் எழுதி அனுப்பும். அந்தப் பதிலை வைத்து யாருக்கும் ஆர்டர் கொடுக்க முடியாது. அமெரிக்க மத்திய அரசின் கொள்முதல் விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது: ஆர்.எஃப்.ஐ.க்கு வரும் பதில் ஒரு விலைப்புள்ளி ஆகாது, அதை ஏற்றுக்கொண்டு ஒப்பந்தம் போடவும் கூடாது. பதில் தயாரிக்கும் செலவையும் அரசு தராது.

அப்படியானால் நிறுவனங்கள் ஏன் மெனக்கெட்டுப் பதில் எழுதுகின்றன? இங்கேதான் விஷயம் இருக்கிறது. டெண்டரில் என்ன கேட்கப் போகிறார்கள் என்பது இந்தப் பதில்களிலிருந்துதான் உருவாகிறது. 'பத்து வருட அனுபவம் வேண்டும்' என்று அரசு நினைத்திருக்கும். பதில் அனுப்பிய பத்துப் பேரில் எட்டுப் பேர், 'இந்தத் தொழில்நுட்பமே வந்து ஐந்து வருடம்தான் ஆகிறது' என்று எழுதினால் நிபந்தனை மாறும். (இப்படிக் கேட்கும் வேலை விளம்பரங்களை நம்ம ஊரிலும் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.)

சின்ன நிறுவனங்களுக்கு இதில் இன்னும் பெரிய பங்கு இருக்கிறது. அமெரிக்க மத்திய அரசில் 'இருவர் விதி' என்று ஒன்று உண்டு. நியாயமான விலையில் அந்த வேலையைச் செய்யக்கூடிய சிறு நிறுவனங்கள் குறைந்தது இரண்டாவது போட்டிக்கு வரும் என்று அதிகாரி எதிர்பார்த்தால், அந்த டெண்டரைச் சிறு நிறுவனங்களுக்கு மட்டும் என்று ஒதுக்க வேண்டும். அந்த இரண்டு பேர் இருக்கிறார்களா என்று அவருக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் இந்த விசாரிப்பில் பதில் எழுதியவர்களை வைத்துத்தான். 'இது வெறும் சர்வே, டெண்டர் வரட்டும் பார்க்கலாம்' என்று சின்னக் கம்பெனிகள் சும்மா இருந்துவிட்டால், டெண்டர் வரும்போது எதிரே பெரிய யானைகள் நிற்கும்.

மத்திய அரசின் இந்த அறிவிப்புகள் 'சாம் டாட் கவ்' என்ற அரசுத் தளத்தில் வருகின்றன. எங்கிருந்தும் பார்க்கலாம். மாகாணங்களுக்கும் நகரங்களுக்கும் தனித்தனி விதிகள், தனித்தனித் தளங்கள்.

எதைக் கேட்கிறார்கள்?

மணிக் கணக்கு வேலைக்கான கேள்வித்தாளில் முதல் சிக்கல் பெயர். ஒரு நிறுவனத்தில் நாலு வருடம் வேலை பார்த்தவர் 'சீனியர் டெவலப்பர்'. இன்னொன்றில் பத்து வருடம் ஆனாலும் 'சீனியர்' கிடையாது. இரண்டு பேரும் 'சீனியருக்கு மணிக்கு இவ்வளவு' என்று எழுதினால் எப்படி ஒப்பிடுவது? எனவே விவரம் தெரிந்த அதிகாரி பதவிப் பெயரோடு நிற்க மாட்டார். எத்தனை வருடம், என்ன படிப்பு, தனியாக என்ன முடிவெடுப்பார் என்றும் சேர்த்துக் கேட்பார்.

அடுத்தது அந்தத் தொகைக்குள் என்ன இருக்கிறது என்பது. அங்கே எழுதப்படும் மணிக் கட்டணம் ஊழியரின் சம்பளம் என்று நாம் நினைத்துவிடுகிறோம். அதில் சம்பளம், காப்பீடு, விடுமுறை, அலுவலக வாடகை, நிறுவனத்தின் லாபம் எல்லாம் அடக்கம். ஒரு கணக்குக்கு மணிக்கு 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 40 மணி, வருடம் 52 வாரம், மொத்தம் 2,080 மணி. அரசு ஓர் ஆளுக்குக் கொடுப்பது 2,08,000 டாலர் வரை. 'பையனுக்கு வருஷம் 2 லட்சம் டாலர்' என்று ஊரில் கணக்குப் போட்டால் அந்தப் பையன் பாவம்.

நேரில் வந்தால் என்ன கட்டணம், வீட்டிலிருந்து செய்தால் என்ன, கேட்ட எத்தனை நாளில் ஆள் தருவீர்கள், பாதியில் போய்விட்டால் மாற்று ஆள் எப்போது, புதியவர் வேலை கற்றுக்கொள்ளும் நேரத்துக்கு யார் பணம் கொடுப்பது என்று பட்டியல் நீளும். கடைசியாகச் சொன்ன கேள்வி சின்னதாகத் தெரியும். ஆள் அடிக்கடி மாறும் புராஜெக்டில் அது பெரிய தொகை.

சரி, நிறுவனங்கள் இதற்கெல்லாம் உண்மையான விலையைச் சொல்லுமா? கையெழுத்துப் போடாத விலைதானே. நாளைக்கு பேரம் பேச இடம் வைத்துக் கூட்டிச் சொல்பவர்கள் உண்டு. கதவு திறக்கட்டும் என்று குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. எனவே அரசு வேறு இடத்திலும் பார்த்துக்கொள்கிறது. ஜி.எஸ்.ஏ. எனப்படும் மத்திய அரசின் பொதுச் சேவைகள் நிர்வாகம், 2015-ல் 'கால்க்' என்ற ஒரு கருவியை வெளியிட்டது. ஏற்கெனவே போட்ட அரசு ஒப்பந்தங்களில் எந்தப் பதவிக்கு மணிக்கு அதிகபட்சம் எவ்வளவு ஒப்புக்கொள்ளப்பட்டது என்று படிப்பு, அனுபவம் வாரியாக அதில் தேடலாம். அதிகாரிகளுக்காகச் செய்தது, ஆனால் யாரும் பார்க்கலாம். டெக்சஸ் மாகாணமும் தன் கணினி ஒப்பந்தப் பணியாளர்களுக்குப் பதவிவாரியாக 'இதற்கு மேல் கூடாது' என்று ஓர் உச்சக் கட்டணப் பட்டியலை வெளியிடுகிறது.

எழுத்தில் கேட்பதோடு நேரில் பேசுவதும் உண்டு. ஒரு நாள் வைத்து எல்லா நிறுவனங்களையும் கூப்பிட்டு விளக்குவார்கள். ஆனால் ரொம்ப காலமாக அதிகாரிகளுக்கு ஒரு பயம். 'டெண்டருக்கு முன்னால் கம்பெனிக்காரரோடு பேசினால் நம் மேல் புகார் வந்துவிடுமே' என்று வாயே திறக்க மாட்டார்கள். 2011-ல் வெள்ளை மாளிகையின் கொள்முதல் கொள்கை அலுவலகம், 'பேசலாம், பேச வேண்டும், எல்லோருக்கும் சமமாகப் பேசினால் போதும்' என்று ஒரு சுற்றறிக்கை விட்டது. அதற்குத் தலைப்பே 'கட்டுக்கதைகளை உடைப்போம்' என்ற பொருளில்தான் இருந்தது. அதே சமயம் இன்னொரு வேலியும் இருக்கிறது: அரசுக்காகத் தேவைப் பட்டியலை எழுதிக் கொடுக்கும் நிறுவனம், பொதுவாக அதே வேலைக்குப் போட்டியிட முடியாது.

நாற்காலியில் உட்கார்ந்தவர் யார்?

இவ்வளவு கேட்டும் முக்கியமான கேள்வியைப் பலரும் கேட்பதில்லை என்பது என் எண்ணம். 'மணிக்கு எவ்வளவு' என்பதைப் பத்து விதமாகக் கேட்கிறார்கள். 'எத்தனை மணி' என்பதையும், 'வேலை முடிந்தது என்று யார், எதைப் பார்த்துச் சொல்வது' என்பதையும் கேட்க மறந்துவிடுகிறார்கள். கட்டணம் 90 டாலரா 95 டாலரா என்று இழுத்துப் பிடித்துவிட்டு, ஒரு வருட வேலை ஐந்து வருடம் ஓடினால் என்ன மிச்சம்?

நியூயார்க் நகரத்தின் 'சிட்டிடைம்' கதை இதற்கு நல்ல உதாரணம். 1998-ல் தொடங்கியது. நகர ஊழியர்கள் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று பதிவு செய்யும் கணினி அமைப்பு. மதிப்பீடு சுமார் 6.3 கோடி டாலர். பிறகு வேலை எஸ்.ஏ.ஐ.சி. என்ற பெரிய நிறுவனத்தின் கைக்கு வந்தது. முதலில் 'மொத்த வேலைக்கு இவ்வளவு' என்றுதான் ஒப்பந்தம். நடுவில் அது மாற்றப்பட்டது. போடும் உழைப்புக்கு ஏற்பப் பணம் என்றானது. அதாவது, செலவு எகிறினால் அது கம்பெனியின் கவலை என்ற நிலை போய், நகரத்தின் கவலை ஆனது.

பிறகு எகிறியது. மொத்தம் ஏறத்தாழ 70 கோடி டாலர்! விசாரணையில் வெளிவந்தது என்ன தெரியுமா? துணை ஒப்பந்த நிறுவனம் வழியாக வந்த ஆட்கள் வேலை பார்த்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மேலிடத்துக்குக் கமிஷன் போயிருக்கிறது. மணி கூடக் கூடக் கமிஷனும் கூடும். இதைக் கண்காணிக்க நகரம் நியமித்த புராஜெக்ட் மேலாளரும் ஓர் ஆலோசகர்தான். அந்தக் கூட்டில் அவரும் இருந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்த தாத்தாவே கூட்டாளி! 2012-ல் எஸ்.ஏ.ஐ.சி. சுமார் 50 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. 2014-ல் மூன்று பேருக்குத் தலா 20 ஆண்டு சிறை. ஊழியர்களின் நேரத்தை அளக்க வந்த புராஜெக்டில் யாருடைய நேரத்தையும் சரியாக அளக்கவில்லை.

நியூயார்க் நகரத்துக்கு மத்திய அரசின் கொள்முதல் விதிகள் பொருந்தாது. ஆனால் இந்த ஆபத்தை அந்த விதிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. மணிக் கணக்கு ஒப்பந்தத்தில் செலவைக் குறைக்கவோ வேகமாக முடிக்கவோ நிறுவனத்துக்கு எந்த லாபத் தூண்டுதலும் இல்லை, எனவே அரசு கண்காணிக்க வேண்டும் என்கின்றன. வேலையின் அளவை முன்கூட்டிக் கணிக்க முடியாதபோதுதான் இந்த வகைக்குப் போகலாம். வேறு வகை ஏன் சரிப்படாது என்று அதிகாரி எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். ஓர் உச்சவரம்பும் வேண்டும். அதைத் தாண்டினால் நஷ்டம் நிறுவனத்தோடது.

அதற்காக மணிக் கணக்கே தப்பு என்று முடிவு கட்ட முடியாது. அமெரிக்க அரசுக்குள்ளேயே '18எஃப்' என்று ஒரு மென்பொருள் குழு இருந்தது. 2025 மார்ச்சில் கலைத்துவிட்டார்கள். அவர்கள் மாகாணங்களுக்கு எழுதிக் கொடுத்த வழிகாட்டி, மென்பொருளுக்கு மணிக் கணக்கு ஒப்பந்தத்தையே பரிந்துரைத்தது. காரணம், மென்பொருளில் என்ன வேண்டும் என்பது செய்யச் செய்யத்தான் தெரியும். மொத்த விலை பேசிவிட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி பில் வரும். அதற்குப் பதில் சின்னக் குழுவை மணிக் கணக்கில் எடு, அரசு ஊழியர் ஒருவரைப் பொறுப்பில் வை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஓடுகிற மென்பொருளைக் காட்டச் சொல், பிடிக்கவில்லையா, நிறுத்து என்பது அவர்கள் யோசனை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆர்.எஃப்.ஐ.யில் என்ன கேட்க வேண்டும் என்பது புரியும். நிறுவனத்தின் வயது, வாங்கிய விருது, சான்றிதழ் என்று கேட்டால் பளபளப்பான பிரவுச்சர்தான் வரும். கடைசியாகச் செய்த மூன்று வேலை எப்போது முடிந்தன, எத்தனை மணி என்று சொன்னீர்கள், எத்தனை மணி ஆனது, நடுவில் எத்தனை பேர் மாறினார்கள், நாங்கள் நிறுத்தச் சொன்னால் எதையெல்லாம் எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போவீர்கள் என்று கேட்டால், பதில் எழுதும்போதே யார் எப்படி என்று தெரிந்துவிடும்.

நம்ம வீட்டுப் பிள்ளைகள் எங்கே வருகிறார்கள்?

சங்கிலியின் கடைசிக் கண்ணியில். பல மாகாணங்களில் அரசுக்கும் புரோகிராமருக்கும் நடுவில் ஒரு மேலாண்மை நிறுவனம், அதற்குக் கீழே வெண்டார், அதற்கும் கீழே இன்னொரு வெண்டார் என்று இருக்கும். ஒவ்வொருவரும் மணிக் கட்டணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள். 'எத்தனை கை மாறி ஆள் வருகிறார், ஒவ்வொரு கையிலும் எவ்வளவு நிற்கிறது' என்று டெண்டருக்கு முன்பே ஒரு மாகாணம் கேட்டால், அது வரி கட்டும் அமெரிக்கருக்கும் நல்லது, வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பிள்ளைக்கும் நல்லது. நடுவில் போகும் காசு இந்த இரண்டு பேருக்கும் பயன்படுவதில்லை.

ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அவர்களுக்காக நிறுவனம் அமெரிக்கத் தொழிலாளர் துறையில் எல்.சி.ஏ. என்ற விண்ணப்பம் தாக்கல் செய்கிறது. என்ன வேலை, எந்த ஊர், என்ன சம்பளம் என்று அதில் இருக்கும். அதன் நகலை ஊழியருக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். வேலை இல்லாமல் 'பெஞ்ச்'சில் உட்காரவைத்தாலும் அந்தச் சம்பளத்தைத் தர வேண்டும். இன்னொரு பக்கம், மாகாண அரசு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பொது ஆவணங்கள். டெக்சஸ் போன்ற இடங்களில் உச்சக் கட்டணம் இணையத்திலேயே கிடைக்கிறது. உங்கள் மகளோ மருமகனோ அங்கே அரசு புராஜெக்டில் இருந்தால், இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை சம்பளம் பேசும்போது கையில் எண் இருக்கும்.